பனி அதிகம் பெய்த மலை ஏன் முதலில் மூடுகிறது? சீசன் கடைசியில் பனிச்சறுக்கு மலைகளை ஒப்பிடுவது எப்படி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அதிகமாகப் பனி பெய்யும் பனிச்சறுக்கு மலை வுல்ஃப் கிரீக். ஆண்டுக்குச் சராசரி 430 அங்குலம், கிட்டத்தட்ட 11 மீட்டர். இருந்தும் பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் முற்பாதியிலேயே அங்கே சீசன் முடிந்துவிடுகிறது. அதே மாநிலத்தில், அதைவிடக் குறைவாகப் பனி பெய்யும் அரபஹோ பேசின், சறுக்குபவர்களை மேலே ஏற்றிவிடும் கம்பிவட லிஃப்டை ஜூன் வரை ஓட்டுகிறது. நாட்டின் மறுகோடியில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்திலும் இதே கதைதான். கனடா எல்லையை ஒட்டிய ஜே பீக்கில் கொட்டுகிற அளவுக்குக் கில்லிங்டனில் பனி கொட்டுவதில்லை. ஆனால் வசந்தத்தில் பெரும்பாலும் பிந்தி மூடுவது கில்லிங்டன்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் மலைகளை ஒப்பிடுபவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு மலையும் தினமும் பனி நிலவரம் வெளியிடுகிறது. பனியின் ஆழம் இத்தனை அங்குலம், திறந்திருக்கும் தடங்கள் இத்தனை, கடைசி நாள் இன்ன தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். இரண்டு மலைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆழம் அதிகமாக உள்ள மலைக்குக் கிளம்புகிறோம். ஜனவரியில் அது ஓரளவு சரியான வழி. வசந்தத்தில் அந்த எண்ணை நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நேற்று ராத்திரி பனி உறைந்ததா, இன்று எந்தச் சரிவு எத்தனை மணிக்கு இளகும் என்ற இரண்டு கேள்விகள்தான் அன்றைய சறுக்கலைத் தீர்மானிக்கின்றன. நிலவர அறிக்கையில் பெரும்பாலும் இல்லாதவையும் இவைதான்.

முதலில் சில சொற்கள்

தமிழில் ‘பனி’ என்பது புல் நுனியில் நிற்கும் துளிக்கும் பெயர், காலை மூட்டத்துக்கும் பெயர், மலையில் கொட்டும் வெண்பனிக்கும் பெயர். இந்தக் கட்டுரையில் பனி என்றால் வெண்பனி மட்டுமே. மூட்டத்தைச் சொல்லும்போது மூடுபனி என்றே சொல்கிறேன்.

அடிப்பனி ஆழம் என்பது ஓரிடத்தில் அளவுகோலை நட்டுப் பார்க்கும் உயரம். நிலவரங்களில் ‘பேஸ்’ என்று வருவது இதுதான்.

நீரளவு என்பது வேறு. அந்தப் பனியை நின்ற இடத்திலேயே உருக்கினால் எத்தனை செ.மீ. தண்ணீர் தேங்கும் என்ற கணக்கு. இதை முறையாக அளக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகள் கற்பித்த பேராசிரியர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுன்ட் ரோஸ் மலையில் ஏறி, ஒரு குழாயைப் பனிக்குள் அடிவரை இறக்கி, உள்ளே வந்த பனியோடு சேர்த்து எடை போட்டார். இன்றைக்கு அமெரிக்க வேளாண் துறையின் ஸ்னோடெல் நிலையங்கள் அந்த வேலையைத் தானாகவே செய்கின்றன. தரையில் திரவம் நிரப்பிய தலையணை போன்ற ஒரு பை கிடக்கும். மேலே குவியும் பனியின் எடையால் பைக்குள் ஏறும் அழுத்தத்தைக் கருவி பதிவு செய்யும்.

அடுத்து வருவது முகம், அதாவது சரிவு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது. வசந்தத்தில் பெய்த பனியின் அளவைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆழம் ஏன் ஏமாற்றுகிறது

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். கொலராடோ, யூட்டா பக்கத்து உலர்ந்த பனியில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் தேறாது. நாளாக நாளாக அது தன் எடையாலேயே அமுங்கி இறுகும். வசந்தத்தில் முற்றிய பனியில் பாதியளவு தண்ணீர் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் மலையில் ஆழம் 240 செ.மீ., அதில் 35 சதவீதம் தண்ணீர். நீரளவு 84 செ.மீ. இரண்டாவது மலையில் ஆழம் 180 செ.மீ., அதில் 50 சதவீதம் தண்ணீர். நீரளவு 90 செ.மீ. அறிக்கையில் 60 செ.மீ. பின்தங்கித் தெரிகிற மலையில்தான் உருக வேண்டிய சரக்கு அதிகம். நல்ல வெயில் நாளில் 3 செ.மீ. நீரளவு கரைகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் மலை 28 நாளில் வெறும் தரையாகும், இரண்டாவது 30 நாள் தாங்கும். முதல் மலையின் ஆழம் உருகாமலேயே, அமுங்கி அமுங்கியும் குறையும். அதைப் பார்த்துவிட்டு “ஒரே வாரத்தில் இத்தனை போய்விட்டதே” என்று பதறத் தேவையில்லை.

அளக்கும் இடமும் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு மலை உச்சிக்குப் பக்கத்தில், நிழலான ஒரு பள்ளத்தில் கோலை நட்டிருக்கும். இன்னொன்று பாதி மலையில் நட்டிருக்கும். இரண்டு எண்களுக்கும் ஒரே பெயர், ஆனால் சொல்வது வேறு வேறு சங்கதி. புதுப்பனி அறிக்கைகளில் மனிதக் கையும் உண்டு. டார்ட்மவுத் கல்லூரியின் பொருளியல் ஆய்வாளர்கள் இருவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மலைகள் தாங்களே அறிவிக்கும் புதுப்பனி வாரநாட்களைவிட வார இறுதியில் 12 முதல் 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. வானத்துக்குச் சனி, ஞாயிறு என்ற வித்தியாசம் தெரியாது. சறுக்குபவர்கள் நேரில் கண்டதைச் செல்பேசியிலேயே உடனுக்குடன் பதிவிட ஒரு செயலி வந்தபிறகு இந்த மிகைப்படுத்தல் வெகுவாகக் குறைந்தது என்பதையும் அவர்களே கண்டார்கள். ஆகவே அங்கே நின்று எழுதுபவரின் ஒரு வரிக் குறிப்புக்கு, அது எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று பார்த்துக்கொண்டு, நல்ல மதிப்புக் கொடுக்கலாம்.

இன்னொரு பொறி ‘இயல்பில் இத்தனை சதவீதம்’ என்ற கணக்கு. மே 20-ஆம் தேதி ஓரிடத்தில் வழக்கமாக 2 அங்குல நீரளவுதான் மிச்சமிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 8 அங்குலம் இருந்தால் அது ‘இயல்பில் 400 சதவீதம்’ ஆகிவிடும். கேட்க மலைப்பாக இருக்கும். உண்மையில் அது மூன்று நான்கு அங்குலம் உருகும் ஒரு வாரத்தில் பாதி கரைந்துவிடக்கூடிய அளவு. வகுக்கும் எண் சிறுத்துக்கொண்டே போவதால் சீசன் கடைசியில் சதவீதங்கள் தறிகெட்டு ஏறும்.

ராத்திரி என்ன நடந்தது?

நல்ல வசந்தக் காலை ஒன்றில் எட்டு மணிக்குச் சரிவில் கால் வைத்தால் பூட்ஸ் தடமே பதியாது. காலில் மாட்டிய சறுக்குப் பலகையான ஸ்கீயின் விளிம்பு, தகரத்தைச் சுரண்டுவதுபோல் கரகரவென்று சத்தமிடும். அதே இடத்துக்குப் பத்தரை மணிக்கு வந்தால் மேலே ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் இளகியிருக்கும். ஒரு பிடி அள்ளினால் கல் உப்பு மாதிரி உருண்டை மணிகள். ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் உருண்டு விழும். கையுறையில் ஈரம் மட்டும் தங்கும். ஸ்கீ அதன்மேல் ஓசையில்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வளையும். இதற்குக் கார்ன் ஸ்னோ என்று பெயர். வசந்தத்தில் சறுக்கப் போகிறவர்கள் தேடிப் போவது இதைத்தான். அதே சரிவுக்கு ஒரு மணிக்கு வந்தால் கணுக்கால் வரை புதையும். அள்ளினால் தண்ணீர் சொட்டும் கூழ். அது ஸ்லஷ்.

பகலில் உருகி ராத்திரியில் உறைவது பல நாள் தொடர்ந்து நடந்தால்தான் இந்த மணிகள் உருவாகும். ஈரமான பனிக்குள் சின்னத் துகள்கள் முதலில் கரையும். கரைந்த நீர் பெரிய துகள்களோடு சேர்ந்து அவற்றை வளர்க்கும். கூர்முனைகள் எல்லாம் போய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருண்டைகள் மிஞ்சும். ராத்திரி குளிரில் இந்த உருண்டைகள் தொடும் இடமெல்லாம் உறைந்து, மொத்தச் சரிவும் ஒரே பாறைபோல் இறுகும். காலை வெயில் அந்த இணைப்புகளைத்தான் முதலில் அவிழ்க்கிறது. மணிகள் தனித்தனியாக விடுபட்டு, அடியில் இன்னும் கெட்டியாக இருக்கும் அந்த இடைப்பட்ட நேரம்தான் நமக்கு வேண்டியது. சில நாள் அது இரண்டு மணி நேரம் நீடிக்கும், சில நாள் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. நடுவில் பத்து செ.மீ. புதுப்பனி விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தப் புதுப்பனி நண்பகல் வெயிலில் பசைபோல் ஸ்கீயில் ஒட்டும்.

சரி, ராத்திரி உறைந்ததா என்று வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் முன்னறிவிப்பில் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். அது சுழியத்துக்கு மேலே இருந்தால் உறையவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பாதி உண்மைதான். பனி கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும், அகச்சிவப்புக் கதிரைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட முழுக் கரும்பொருள். தன் வெப்பத்தை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். வானம் தெளிவாக, காற்று உலர்ந்து இருந்தால் அந்த வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடும். அப்போது காற்று 2 அல்லது 3 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் நிலைமை தலைகீழ். போர்வை போர்த்தியதுபோல் மேகம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு மலையில் ராத்திரி மைனஸ் 1 டிகிரி, ஆனால் வானம் முழுக்க மேகம். இன்னொரு மலையில் 2 டிகிரி, ஆனால் நட்சத்திரம் தெரிகிற உலர்ந்த வானம். காலையில் கெட்டியாக இறுகியிருப்பது பல நேரம் இரண்டாவது மலைதான். ஆகவே ராத்திரி மேக அளவையும் ஈரப்பதத்தையும் முதலில் பாருங்கள், அப்புறம் வெப்பநிலையைப் பாருங்கள்.

எந்த முகம், எத்தனை மணி

வட அரைக்கோளத்தில் வெயில் சரிவுகளைச் சுற்றிவரும் வரிசை இது. நேரங்கள் தோராயமானவை. உயரமும் காற்றும் அவற்றை அரை மணி, ஒரு மணி முன்பின் தள்ளும்.

1. கிழக்கு முகம் முதலில் இளகும், ஒன்பது மணி வாக்கில்.
2. தெற்கு முகம் அடுத்தது. பத்து, பதினொன்று மணிக்குப் பக்குவமாகி, நண்பகலுக்குள் கூழாகிவிடும்.
3. மேற்கு முகம் காலை முழுக்க இறுகிக் கிடந்து, நண்பகலுக்குப் பின் இளகும்.
4. வடக்கு முகம் கடைசி. ஏப்ரலில் உயரமான வடக்குச் சரிவில் குளிர்காலப் பனியே இன்னும் உலர்ந்து கிடக்கலாம்.

வடக்கு முகத்துக்கு இந்த மதிப்பு ஏன் என்பதைக் கோணக் கணக்கு தெளிவாகக் காட்டும். கொலராடோவிலும் கலிபோர்னியாவின் டாஹோ ஏரிப் பக்கத்திலும் அட்சரேகை சுமார் 39 அல்லது 40 டிகிரி. ஏப்ரல் நடுவில் உச்சிப்பொழுதுச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 60 டிகிரி உயரத்தில் இருக்கும். 30 டிகிரி சாய்ந்த தெற்குச் சரிவில் அந்த வெயில் செங்குத்தாக விழுகிறது. அதே சாய்வுள்ள வடக்குச் சரிவில் 30 டிகிரி கோணத்தில்தான் உரசிப் போகிறது. கிடைக்கும் ஆற்றல் பாதி. ஜூன் 21 வாக்கில் சூரியன் 73 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அப்போது வடக்குச் சரிவிலும் தெற்குச் சரிவுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம் விழும். ஏப்ரலில் வடக்கு முகம் தந்த பாதுகாப்பு ஜூனில் பெருமளவு போய்விடுகிறது. வாரம் ஒரு செ.மீ. என்று கரைந்துகொண்டிருந்த வடக்குச் சரிவு ஜூனில் திடீரென்று கரைய ஆரம்பிப்பதற்கு, காற்றுச் சூட்டோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம்.

ஒரே மலைக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். அரபஹோ பேசினின் பின்பக்கம் இருக்கும் மான்டெசுமா பவுல் தெற்கைப் பார்த்தது. முன்பக்கத் தடங்கள் ஜூனை நோக்கி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அது அந்த ஆண்டுக்கு மூடப்பட்டுவிடும். யூட்டாவின் ஸ்னோபேர்டில், வெயில் பக்கமான மினரல் பேசினில் காலையைக் கழித்துவிட்டு, அது கூழாகத் தொடங்கியதும் நிழல் பக்கமான முன்புறச் சரிவுகளுக்கு மாறுவது பழகியவர்களின் வழக்கம். வசந்தத்தில் இரண்டு மலைகளை ஒப்பிடும்போது, எத்தனை முகங்கள் இன்னும் திறந்திருக்கின்றன என்பது மிக முக்கியம். ஒரே முகம் மட்டும் மிஞ்சிய மலையில் பக்குவ நேரம் ஒரு முறைதான் வரும். மூன்று முகம் உள்ள மலையில் அந்த நேரத்தைத் துரத்திக்கொண்டே அரைநாள் சறுக்கலாம்.

உயரம்: மாமத்தும் பாலிசேட்ஸும்

கலிபோர்னியாவின் இந்த இரண்டு மலைகளையும் வசந்தத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2022-23 சீசனில் இரண்டிலும் 700 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. பாலிசேட்ஸ் டாஹோ 2023 ஜூலை 4 வரை ஓடியது. மாமத் மவுன்டன் ஆகஸ்ட் 6 வரை ஓடியது. பெய்த அளவு ஏறத்தாழ ஒன்று, முடிவில் ஒரு மாத வித்தியாசம்.

மாமத்தின் உச்சி 3,369 மீட்டர். அதன் மெயின் லாட்ஜ் சுமார் 2,700 மீட்டரில் இருக்கிறது. பாலிசேட்ஸின் உச்சியே சுமார் 2,750 மீட்டர்தான். ஒன்றின் அடிவாரம் இன்னொன்றின் உச்சியோடு சமமாக நிற்கிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். பாலிசேட்ஸின் அடிவாரம் 1,900 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருப்பதால், அடிவாரத்துக்கு அடிவாரம் 5 டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. அங்கே கடைசி வாரங்களில் சறுக்கல் மேல்மலையில் மட்டும்தான். ஏறுவதும் இறங்குவதும் ரோப் காரில். இது குறையே இல்லை, மேல்மலைச் சரிவுகள் அப்போதும் அருமையாக இருக்கும். ஆனால் ‘உச்சியில் ஆழம் இத்தனை’ என்ற வரியை நம்பி, காரிலிருந்து இறங்கியதும் பனியில் கால் வைக்கலாம் என்று நினைத்துப் போகக் கூடாது.

தூசு

கொலராடோ, யூட்டா மலைகளுக்கு மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் இது. வசந்தக் காற்று தென்மேற்குப் பாலைநிலங்களிலிருந்து செம்மண் தூசை வாரிக்கொண்டு வந்து மலைமேல் போடுகிறது. அதிக அடி வாங்குவது சான் ஹுவான் மலைத்தொடர். வுல்ஃப் கிரீக் இருப்பதும் அதில்தான்.

சுத்தமான புதுப்பனி வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். இந்தத் திருப்பி அனுப்பும் திறனுக்கு ஆல்பிடோ என்று பெயர். தூசு படிந்த பழம்பனியில் அது 50 சதவீதத்துக்கும் கீழே இறங்கலாம். தெளிவான வசந்த நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 25 மெகாஜூல் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத்தைத் திருப்பும் பனி 5 மெகாஜூலை வாங்குகிறது. அதில் 15 மில்லிமீட்டர் நீரளவு உருகும். 50 சதவீதத்தைத் திருப்பும் பனி 12.5 மெகாஜூலை வாங்குகிறது. அதில் 37 மில்லிமீட்டர் உருகும். ராத்திரி இழக்கும் வெப்பத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்றாலும், ஒரு நாளில் இரண்டரை மடங்கு வித்தியாசம் என்பது புரியும். சில்வர்டன் ஊருக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள், தூசு பனியை வாரக்கணக்கில் முன்கூட்டியே கரைத்துவிடுகிறது என்று காட்டியிருக்கின்றன.

இதில் இன்னும் கெட்டது என்னவென்றால், மார்ச்சில் விழுந்து புதுப்பனிக்கு அடியில் புதைந்த தூசு அங்கேயே காத்திருக்கும். மேலடுக்கு கரையக் கரைய, புதைந்த தூசு அடுக்குகள் ஒவ்வொன்றாக மேலே வந்து ஒன்று சேரும். ஏப்ரல் கடைசியில் வெள்ளையாக இருந்த சரிவு பத்து நாளில் காப்பி நிறமாவது இப்படித்தான். அழுக்குப் பனியில் ஸ்கீ சட்டென்று பிடித்து இழுக்கும், முழங்காலுக்கு ஆபத்து. ஆக, கேமராப் படத்தில் பனியின் நிறத்தைப் பாருங்கள். ஆழத்தைவிட நிறம் அதிகம் சொல்லும்.

ஈரக்காற்று பனியைத் தின்னும் விதம்

கிழக்கு மாநிலங்களில் நிலைமை வேறு. கில்லிங்டனின் உச்சி 1,293 மீட்டர்தான். அங்கே பனிக்குப் பெரிய எதிரி ஈரமான காற்று.

பலரும் மழைதான் பனியைக் கரைக்கிறது என்று நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். 10 டிகிரி சூடுள்ள ஒரு கிலோ மழைநீர் சுழியத்துக்குக் குளிரும்போது தருவது 42 கிலோஜூல் மட்டுமே. ஆகவே 25 மில்லிமீட்டர் மழை தன் சூட்டால் உருக்குவது 3 மில்லிமீட்டர் நீரளவுதான்.

காற்றில் இருக்கும் நீராவி வேறு ரகம். அது குளிர்ந்த பனியின் மேல் படிந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை, கிலோவுக்கு ஏறத்தாழ 2,500 கிலோஜூலை, அங்கேயே இறக்கி வைக்கிறது. ஒரு கிராம் ஆவி படிந்தால் ஏழரை கிராம் பனி உருகும். சூடான, ஈரமான காற்று ராத்திரி முழுக்க வீசினால், வெயிலே இல்லாமல் பனி வேகமாகக் காணாமல் போகும். மழை பெய்த மறுநாள் சரிவு பாதியாகிக் கிடப்பதற்கு உண்மையான காரணம் மழையோடு வந்த அந்தக் காற்றுதான். பனிமேல் தவழும் மூடுபனி அதன் அடையாளம். மேற்கு மலைகளின் உலர்காற்றில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. பனியிலிருந்து நீர் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால், பனி குளிர்ந்து நிற்கிறது. 15 டிகிரி வெயில் நாளை அரபஹோ பேசின் தாங்கிக்கொள்ளும். மேகமூட்டமான, ஈரமான 10 டிகிரியில் வெர்மான்ட் மலை கரைந்துவிடலாம்.

அப்படியென்றால் கில்லிங்டன் எப்படி ஜே பீக்கை முந்துகிறது? செயற்கைப் பனியால். பனி பீய்ச்சும் இயந்திரங்கள் தூவுவது நட்சத்திர வடிவச் செதில்கள் கிடையாது. குட்டிக் குட்டி ஐஸ் மணிகள். விழும்போதே அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய நீரளவு இருக்கும். கில்லிங்டன் குளிர்காலம் முழுக்க சூப்பர்ஸ்டார் என்ற ஒரே தடத்தில் இதைப் பல மீட்டர் உயரத்துக்குக் குவிக்கிறது. 2016-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நவம்பரில் பெண்கள் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்ததும் இதே தடத்தில்தான். பரந்து கிடக்கும் ஒரு மீட்டர் பனியைவிட, குறுகலாகக் குவித்த பனி வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டும் மேற்பரப்பு குறைவு. மே கடைசியில் சுற்றிலும் மலை பச்சையாகிவிட்டபின், நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் மிஞ்சி நிற்கும். ஜே பீக்கில் பெய்வது அழகான பனி, மலை முழுக்கப் பெய்யும். வசந்தத்தில் மலை முழுக்கவே கரையும்.

ஆகவே ‘கில்லிங்டன் இன்னும் திறந்திருக்கிறது’ என்ற செய்தி அந்த ஒரு தடத்தைப் பற்றியது. ஏப்ரல் தொடக்கத்தில் மரங்களுக்கிடையே சறுக்க வேண்டுமென்றால் ஜே பீக்குக்குத்தான் போக வேண்டும்.

மூடும் தேதி பனியின் தேதி இல்லை

வுல்ஃப் கிரீக்குக்குத் திரும்புவோம். பெருநகரங்களிலிருந்து மணிக்கணக்கில் வண்டி ஓட்டிப் போக வேண்டிய இடம் அது. ஏப்ரலில் ஊர்ச்சூடு ஏறியதும் கூட்டம் குறைந்துவிடும். பனி இடுப்பளவு கிடந்தாலும் லிஃப்டை ஓட்டும் செலவு தேறாது. அரபஹோ பேசின் டென்வரிலிருந்து சுமார் 110 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகள் ஒவ்வொன்றாக மூட மூட, சறுக்க விரும்பும் எல்லோரும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். அதன் அடிவாரமே 3,286 மீட்டர், உச்சி 3,978 மீட்டர். உயரமும் கூட்டமும் சேர்ந்து ஜூனைக் கொண்டுவருகின்றன. பருவகாலப் பணியாளர்கள் கிளம்பும் தேதி, அரசு வனநிலத்தில் இயங்குவதற்கான அனுமதி, அடுத்த சீசன் பாஸ் விற்பனைக்கு ‘நாங்கள்தான் கடைசி வரை’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எல்லாம் அந்தத் தேதிக்குள் இருக்கின்றன. அறிவித்த தேதியைவிட ஒரு வாரம் நீட்டித்தால் பனி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டி அறிவித்த தேதியில் மூடினால் பனியைப் பற்றி எதுவும் தெரியவராது.

அப்படியானால் இரண்டு மலையை எப்படி ஒப்பிடுவது?

1. கடந்த மூன்று ராத்திரிகளின் வானம். ஸ்னோடெல் அல்லது மலையின் சொந்த வானிலைக் கம்பத்தின் மணிவாரி வெப்பநிலையை, மேக அளவோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு ராத்திரி உறைந்தால் மேலோடு மட்டும் இறுகும். மூன்று ராத்திரி தொடர்ந்து உறைந்தால் இன்னும் ஆழமாகப் பலம் கிடைக்கும்.
2. இப்போது ஓடும் லிஃப்டுகளின் மேல்முனை உயரமும், அவை சேரும் சரிவுகளின் முகமும். மூடிய லிஃப்டுக்கு மேலே கிடக்கும் பனியால் பயனில்லை.
3. கேமராவில் நிறமும் அடிவாரமும். பழுப்பா, வெள்ளையா? லிஃப்ட் வரிசைக்குச் சறுக்கியே வர முடிகிறதா, ஸ்கீயைத் தோளில் போட்டு நடக்க வேண்டுமா?
4. நீரளவு, அது இருக்கிற இடங்களில். ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது என்பதைக் கவனித்தால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்கிடலாம்.
5. எல்லாவற்றுக்கும் கடைசியில் அடிப்பனி ஆழம்.

முதல் எண்ணை மேலே வைத்ததற்குச் சறுக்கல் சுகம் மட்டும் காரணம் இல்லை. ராத்திரி உறையாத பனிக்குள் உருகிய நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அடுக்குகளுக்கு இடையில் அது தேங்கினால் பிடிமானம் போய், ஒரு பெரிய ஈரப்பனி அடுக்கு பலகைபோல் அப்படியே கழன்று வரும். 2005 மே 20-ஆம் தேதி அரபஹோ பேசினில், திறந்திருந்த எல்லைக்கு உள்ளேயே, அப்படி ஒரு ஈரப் பனிச்சரிவு ஒருவரின் உயிரைக் குடித்தது. வசந்தத்தில் உள்ளூர் ஊழியர்கள் செங்குத்தான சரிவுகளைக் காலை பதினொரு மணிக்கே கயிறு கட்டி மூடுவதைப் பார்த்து, “பனிதான் இவ்வளவு கிடக்கிறதே” என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் கயிறு ஆழத்தைப் பார்த்துக் கட்டப்படுவதில்லை. பூட்ஸ் முழங்கால் வரை புதைகிறதா, மேலடுக்கைத் தட்டினால் சக்கரம்போல் சுருண்டு உருள்கிறதா என்று பார்த்துக் கட்டப்படுகிறது.

உறையாத ராத்திரி என்றால் இரண்டு மலையுமே வேண்டாம். உறைந்த ராத்திரி என்றால், பக்குவ நேரத்துக்கு அரை மணி முன்பே கிழக்கு முகத்தின் உச்சியில் போய் நிற்க எந்த மலை வழிவிடுகிறதோ அந்த மலை. சீசனை நீட்டிக்கும் மலைகள் பலவும் வசந்தம் முற்றியபின் காலையில் சீக்கிரம் திறந்து, மதியம் திரும்பியதுமே லிஃப்டை நிறுத்திவிடுவது இதனால்தான்.